இருக்கு, இல்ல

“இருக்கு” என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டே, விடைத்தாளை எல்லாருக்கும் முன்னால் கொடுத்துவிட்டு எழுந்து போகிற பிள்ளையின் தெம்போடு. இல்லை. சோபாவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும், ரிமோட் என் கையில், அடிச் சத்தத்துக்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டியை ஊமையாக்கி எட்டு வினாடி ஆகிறது, அம்மா இருக்கு என்று சொன்னது இந்த ஹாலில் எங்கேயும் இல்லை. நோட்டில் இரண்டாம் வரிசையின் மூன்றாவது கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். ஒரு தப்புதானே. முதல் வரிசையில் பத்துக்குப் பத்து வாங்கியவள் ஒரு தப்பு செய்யக்கூடாதா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பு, கண்ணை வேறு மூடச் சொல்லியிருக்கிறேன், தூக்கம் சொக்கியிருக்கும். மடியில் துப்பட்டாவை விரித்துச் சத்தம் வராமல் ஒரு ரூபாயைச் சுண்டினேன். தலை விழுந்தால் சப்வூஃபர் ஓடும், பூ விழுந்தால் ஊமை. அம்மா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இருக்கு, இல்ல என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பரீட்சை. விதி என்னுடையது. நான் எம்.எஸ்ஸி. புள்ளியியல் இரண்டாம் வருஷம், மனுஷர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்ளாமல் இருக்க உலகத்தில் உள்ள ஒரே மரியாதையான வழி இப்படிக் கண்ணை மூடவைத்துப் பரீட்சை வைப்பதுதான் என்று நம்புகிறவள், விடுதியில் என் எதிரே பேய்க்கதைகூடப் பேச மாட்டார்கள், “அன்சிலா வந்துட்டாடி, எத்தனை பேய், எத்தனை பேர் பாத்தாங்கன்னு கேப்பா” என்பார்கள். கேட்பேன். கேட்காமல் எப்படி. தலை விழுந்தது. ரிமோட்டை அழுத்தினேன். மூலையில் இருக்கும் கறுப்புப் பெட்டி விழித்துக்கொண்டு மிருதங்கத்தின் இடது பக்கத்தை, அந்தத் தொம் என்கிற தொப்பிச் சத்தத்தை, என் விலா எலும்புவரை கொண்டுவந்து வைத்தது. இது கேட்காமல் இருக்க முடியுமா. இதைச் செவிடன்கூட, என்று நினைக்கத் தொடங்கி அந்த வார்த்தையை அங்கேயே விட்டேன், அதைத் தாண்டிப் போகாமல் சுவரில் பல்லியைத் தேடினேன், பல்லி இல்லை. “இல்ல” என்றாள் அம்மா. நாலாவது கட்டத்திலும் பெருக்கல் குறி.

இந்தப் பரீட்சையைக் கேட்டு வாங்கியது நான்தான். மூன்று மாசமாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றேதான், ஸ்பீக்கரில் அடிச் சத்தம் குறைந்துவிட்டது என்று. டென்மார்க்கில் செய்த ஸ்பீக்கர்கள், என் தோள் உயரம், பத்து வருஷம் படத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கியவை, வந்த அன்று பெட்டியைப் பிரிக்கும்போது அம்மா ஆபரேஷன் தியேட்டரில் கழுவுகிற மாதிரி முழங்கைவரை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். “மிருதங்கத்துல வலது கை கேக்குது அன்சி, இடது கையை யாரோ கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. தொப்பி எங்க போச்சு?” முதலில் பழி திரைச்சீலை மேல் விழுந்தது, கழற்றி மடித்து அலமாரிக்குள் போட்டோம். பிறகு ஆம்ப்ளிஃபையர் சர்வீசுக்குப் போய், ஒரு கோளாறும் இல்லை என்ற சீட்டோடு திரும்பி வந்தது. பிறகு வயர். பிறகு பக்கத்து ஃபிளாட்டுக்காரர் சமையலறையில் இடித்த சுவர், அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம் என்று ஒரு மணி நேரம் சண்டை. நான் சும்மா இருப்பேனா, போனில் அளக்கிற செயலியை இறக்கி, சோபாவில் அம்மா தலை இருக்கும் இடத்தில் போனை நிறுத்தி, வரைபடம் போட்டுக் காட்டினேன், பார், முப்பத்தெட்டு ஹெர்ட்ஸ்வரை கோடு நேராக இறங்கி வருகிறது, பதினாலுக்குப் பன்னிரண்டு ஹாலுக்கு இதுவே ஜாஸ்தி, உனக்கு சப்வூஃபர் வேண்டாம், வேண்டியது நம்பிக்கை. அம்மா வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. “போனோட மைக்கை நம்புவியா, என் காதை நம்புவியா?” “போனை” என்றேன். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. அவள் சிரித்தாள் என்று அன்றைக்கு நினைத்தேன், இப்போது அந்த முகத்தை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன், சிரித்தாளா, உதடு மட்டும் அசைந்ததா. சப்வூஃபர் வாங்கப் போன கடையிலாவது நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். கண்டோன்மென்ட்டில் அந்தக் கடைக்குள் நுழைந்ததும் ஹபீப் என்கிற விற்பனையாளர் எங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, “சார் வரலியா மேடம்?” என்றார். சார் நெய்வேலியில் இருக்கிறார், மாசத்துக்கு இரண்டு தடவை வருவார், அவருக்கு நாதஸ்வரமும் லாரி ஹாரனும் ஒன்று. “ஸ்பீக்கர் அம்மாவோடது, கேள்வியை அவங்ககிட்ட கேளுங்க” என்றேன். அவர் கேட்டார், “லேடீஸ் இருக்குற வீட்ல பெரிய பெட்டி வச்சா ஹால் அழகு போயிடும் மேடம், இந்தச் சின்னதைப் பாருங்களேன்.” எனக்கு உச்சந்தலை எரிந்தது. பத்து அங்குல மூடின பெட்டிக்கும் பின்னால் துளை வைத்த பன்னிரண்டு அங்குலப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம், எதில் சத்தம் சட்டென்று நிற்கும், எதில் இழுக்கும், ஸ்பீக்கர் கீழ்ச் சத்தத்தை எந்த இடத்தில் விடும், இது எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், எல்லாம் நான் அவருக்குச் சொன்னேன், அவர் எனக்குச் சொல்லவில்லை. கடைசியில் பாவம், இரண்டையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், கேட்டுப் பாருங்க, ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு நானே வந்து வேண்டாததை எடுத்துக்குறேன் என்று. அப்போது நான்தான் சொன்னேன், நான்தான், வேறு யாரும் இல்லை, “எது நல்லதுன்னு அப்புறம் பாப்போம், முதல்ல ஒண்ணு ஓடுறதே உனக்குத் தெரியுதான்னு பாப்போம்.” கிண்டலாகச் சொன்னேன்.

ஐந்தாவது தப்பு. ஆறாவது சரி, ஆனால் அந்தச் சரியில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, குருட்டுக்கோழி கொத்தின நெல். முதல் வரிசை அப்படி இல்லையே. முதல் வரிசையில் அம்மா யோசிக்கவே இல்லை, இருக்கு, இல்ல, இல்ல, இருக்கு என்று வாய்ப்பாடு மாதிரி. குருட்டாம்போக்கில் பத்துக்குப் பத்து வர ஆயிரத்து இருபத்து நாலில் ஒரு வாய்ப்பு. “இப்ப என்னடி சொல்ற, மேதை?” என்று கையை நீட்டினாள், கை குலுக்க. நான் குலுக்கியிருக்க வேண்டும். குலுக்கிவிட்டு, சரி, உன் காது ஜெயிச்சது, பெரிய பெட்டியையே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு டீ போடப் போயிருந்தால் இன்றைய ஞாயிற்றுக்கிழமை மற்ற ஞாயிற்றுக்கிழமைகளைப் போல முடிந்திருக்கும். ஆனால் தோற்றவள் குனிந்துதானே போவாள், குனிந்தபோது அவள் கால்களைப் பார்த்தேன். செருப்பில்லாத இரண்டு கால்களும் டைல்ஸ்மேல் முழுசாகப் பதிந்திருந்தன, விரல்கள் விரிந்து, சிறகு காய வைக்கிற கொக்கு மாதிரி. சோபாவில் சாய்ந்து பாட்டுக் கேட்கிறவர்கள் யாரும் காலை அப்படி வைக்க மாட்டார்கள். நான் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தொம்முக்கும் டைல்ஸ் சிலிர்த்தது. அட, என்று நினைத்தேன், கள்ளத்தனத்தைக் கண்டுபிடித்த குஷிதான் முதலில் வந்தது, அதை மறைக்க முடியாது, குஷிதான் வந்தது. “இது செல்லாது. நீ காலால கேட்டிருக்க.” “என் காலும் என்னோடதுதானே.” “காலை மேல தூக்கி வச்சுக்கோ. இன்னொரு பத்து.” “முட்டி வலிக்கும்டி.” “தலகாணி வச்சுக்கோ.” “பத்துக்குப் பத்து வாங்கினவளை மறுபடி எழுதச் சொல்ற வாத்தியை இப்பத்தான் பாக்குறேன்.” “பிட் அடிச்சவங்களை எழுதச் சொல்லுவாங்க.” பிட் என்ற வார்த்தைக்கு அம்மா கோபப்படவில்லை, அங்கேயாவது நான் நின்றிருக்கலாம், கோபப்பட வேண்டிய இடத்தில் அம்மா கோபப்படவில்லை என்றால் அது என்ன அர்த்தம் என்று யோசித்திருக்கலாம். மெத்தையை இரண்டாக மடித்து சோபாவில் போட்டேன், அம்மா அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். முதல் இரண்டும் சரி. அதற்குப் பிறகு இப்படி.

ஏழாவதற்குக் காசு சுண்டுகிறேன், கை வேர்த்துக் காசு துப்பட்டாவில் ஒட்டுகிறது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டலாமா. கூட்டினால் பரீட்சை கெட்டுவிடும். கெட்டால் என்ன. அம்மாவின் குரல் எப்போது இவ்வளவு மெதுவாக ஆனது? காது மந்தமானவர்கள் கத்திப் பேசுவார்கள் என்றுதான் எல்லாரும் சொல்வது, அம்மா தலைகீழாக மெதுவாகிக்கொண்டு வந்திருக்கிறாள், கிறிஸ்துமஸுக்கு அப்பா போனில், “என்ன ரெஜினா, பக்கத்துல யாராவது தூங்குறாங்களா?” என்று கேட்டார், நாங்கள் சிரித்தோம். இன்று காலை பூசையில் வழக்கமான மூன்றாம் வரிசையை விட்டுவிட்டு ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அருகே போய் நின்றாள், அங்கே ஃபேன் இருக்கிறது என்றாள், அங்கே ஃபேன் இல்லை. போன மாசம் ஆபரேஷன் தியேட்டரில் வேலை செய்யும் செல்வராணி சிஸ்டர் வீட்டுக்கு வந்தபோது, “டாக்டரம்மா இருந்தா மானிட்டர் சத்தம் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் கேக்கும், அப்படிக் கூட்டி வைக்கச் சொல்றாங்க” என்றார், அதற்கும் சிரித்தோம். எவ்வளவு சிரித்திருக்கிறோம். அந்த மானிட்டர். அதை நினைக்க வேண்டாம் என்று மூன்றாவது கட்டத்திலிருந்து ஒதுக்கிக்கொண்டே வருகிறேன், அது கதவருகே நின்று கொண்டே இருக்கிறது. அம்மா மயக்க மருந்து டாக்டர். திருச்சியில் நாலு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறாள், அறுவை செய்கிற டாக்டர் உடம்பைப் பார்ப்பார், அம்மா உயிரைப் பார்ப்பாள், இது அவள் சொல்கிறதில்லை, நான் நான்காம் வகுப்பில் கட்டுரையில் எழுதினது. நோயாளியின் விரலில் மாட்டின கிளிப் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு பீப் கொடுக்கும், ரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய அந்த பீப் சுருதி இறங்கும். சின்ன வயசில் ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துப் போகும்போது அம்மா அந்தச் சத்தத்தை வாயால் முனகுவாள், நான் எண் சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் விளையாட்டு, தொண்ணூத்தெட்டு, தொண்ணூத்தேழு, தொண்ணூறு, ஐயோ எண்பத்தஞ்சு என்று நான் கத்துவேன், அம்மா ஹாரன் அடித்து ஆளைப் பிழைக்கவைப்பாள். “கண்ணு ஊசியில இருக்கும், கை மாஸ்க்குல இருக்கும், காது ஒண்ணுதான் சும்மா இருக்கும், அதான் அதுக்கு அந்த வேலை” என்பாள். இறங்குகிற சுருதி. இறங்குவதுதான் அம்மாவுக்குக் கேட்கவில்லை. நேற்றுச் சாயங்காலம்கூட செல்வராணி சிஸ்டர் போன் செய்து, நாளைக்கு ஏழரைக்கு மூணு வயசுப் பாப்பா, டான்சில், வந்துடுங்கம்மா என்றார், அம்மா சரி சிஸ்டர் என்றாள். திரையில் எண் இருக்கிறது, அலாரம் இருக்கிறது, இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். நான் யாரோடு வாதாடுகிறேன்? மூணு வயசு. அதன் விரலுக்கு அந்தக் கிளிப் பெரிசாக இருக்கும். “சுண்டிட்டியாடி?” என்றாள் அம்மா. சுண்டிவிட்டேன், எப்போதோ, பூ. ஊமையாக்கினேன். “இருக்கு.” இல்லைம்மா.

எட்டு தப்பு, ஒன்பது சரி, பத்து தப்பு. சோபாவுக்குப் பின்னாலிருந்து எழ முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது, நல்லதாகப் போயிற்று. மூன்று மாசமாக நான் சொன்னதுதான் சரி. ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை, ஆம்ப்ளிஃபையரில் ஒன்றும் இல்லை, திரைச்சீலையை அநியாயமாகக் கழற்றினோம், நான் ஜெயித்துவிட்டேன், இப்படி ஒரு ஜெயிப்பை யாருக்காவது கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. “எத்தனை?” என்றாள் அம்மா, இன்னும் கண்ணைத் திறக்காமல். எட்டு என்று சொல்லலாம். பென்சில்தான், பெருக்கலைச் சரியாக்குவது ஒரு கோடு. எட்டு என்றால் அம்மா கை நீட்டுவாள், ஹபீப் வந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு போவார், நாளை ஏழரை மணி வரும். “நாலு” என்றேன். மிருதங்கம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, எழுந்து அதை நிறுத்தினேன். “நாலுன்னா, சும்மா காசு சுண்டிச் சொன்னாலும் அதானே வரும்?” “அதான் வரும்.” “நீ மொதல்ல கால்னு சொன்னப்பவே எந்திரிச்சுப் போயிருக்கணும் நான்.” கண்ணைத் திறந்தாள். “ஒரு மாசமா எனக்கே சந்தேகம்தான்டி. காதுக்குள்ள ஒரு பொடி எலும்பு இருக்கு, அது சில பேருக்கு இறுகிப்போகும். ஆலிஸ் பெரியம்மாவுக்கு நாப்பதுல வந்துச்சுல்ல, அதுதான். கீழ்ச் சத்தம்தான் முதல்ல போகும், சொந்தக் குரல் மட்டும் தலைக்குள்ள பெருசாக் கேக்கும்.” பெரியம்மாவுக்கு ஆபரேஷன் செய்து சரியானதே என்றேன். “ஆச்சு. எல்லாருக்கும் ஆகும்னு இல்ல. டெஸ்ட்டுன்னு போய் உக்காந்தா அன்னைக்கோட தியேட்டர் கதவு மூடிடும், திறக்குமான்னு யாரு சொல்றது.” தெரிஞ்சுமா இந்தப் பெட்டிக்கு அலைஞ்ச, என்று கேட்டேன், கேட்கும்போதே என் குரல் ஏறிவிட்டது. அம்மா அந்த உயரமான ஸ்பீக்கர்களைப் பார்த்தாள். “ஸ்பீக்கர் கெட்டிருந்தா மாத்திக்கலாம்ல” என்றாள்.

பழக்கத்தில் நான் வாதத்தைத் தொடர்ந்தேன், “நாளைக்கு அந்தப் பாப்பா” என்றேன். “திரையில நம்பர் தெரியும்.” “கண்ணு ஊசியிலன்னு சொல்லுவ.” “அலாரம் அடிக்கும்.” “அலாரம் அடிக்கிறதுக்குள்ள காது சொல்லிடணும்னு சொல்லுவ.” “பீப்பு தொப்பி இல்லடி, அது கொஞ்சம் மேல இருக்கும், எனக்குக் கேக்குது.” சொல்லிவிட்டு அவளே, “வா இங்க” என்றாள், “முன்னால உக்காரு. நீ முனகு, நான் சொல்றேன்.” ஸ்கூட்டர் விளையாட்டு. நான் மெத்தைக்கு எதிரே மோடாவை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன், எங்கள் முட்டிகள் இடிக்கவில்லை, அதையும் பார்த்துக்கொண்டேன், என்ன பிறவி நான். அம்மா கண்ணை மூடினாள். மேலே தொடங்கி பீப், பீப் என்று முனகினேன், சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு. “தொண்ணூத்தெட்டு” என்றாள். ஒரு படி இறக்கினேன். “தொண்ணூத்தாறு.” இறக்கினேன். “தொண்ணூத்துமூணு” என்றபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, பார்த்தியா என்கிற மாதிரி, எனக்கும் வந்திருக்கும், இன்னும் இறங்காமல் அங்கேயே நின்றுவிடலாமா என்று தோன்றியது, அங்கேயே பீப், பீப் என்று சாயங்காலம்வரை முனகிக்கொண்டு, தொண்ணூத்துமூன்றில் யாரும் சாக மாட்டார்கள். இறக்கினேன். அம்மா தலையைச் சாய்த்தாள். இன்னும் இறக்கினேன், என் குரலின் அடித்தரை வரை, பீப், பீப், பீப், அது இப்போது பீப் இல்லை, பசித்த வயிற்றின் சத்தம். அம்மா ஒரு விரலை உயர்த்திப் பிடித்தபடி காத்திருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி, பொறுமையாக. நான் முனகிக்கொண்டே இருந்தேன். “ம், மூச்சு வாங்கிட்டியா, அடுத்தது” என்றாள். நான் நிறுத்தவில்லை. பிறகு கண்ணைத் திறந்தாள், என் தொண்டை அசைவதைப் பார்த்தாள். கையை நீட்டி, கழுத்துத் துடிப்பைத் தேடுகிற அந்த இரண்டு விரல்களை என் குரல்வளையில் வைத்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. “எழுபது” என்றாள். “இது எழுபது இருக்கும்.” நான் நிறுத்தினேன். விரல்களை அவள் எடுக்கவில்லை. பிறகு, “போனை எடு” என்றாள்.

படுக்கையறைக்குள் போய்ப் பேசினாள், கதவைச் சாத்தவில்லை. “செல்வராணி, நாளைக்கு ஏழரைக்கு என் பேரை எடுத்துட்டு வேற டாக்டரைப் போடச் சொல்லுங்க. இல்ல, ஜுரம் இல்ல. காது. ஆமா, என் காதுதான். ஈ.என்.டி. டாக்டர் காலைல வந்ததும் எனக்கு ஒரு சீட்டு போட்டு வைங்க.” அவ்வளவு மெதுவாகப் பேசினாள், அந்தப் பக்கம் சிஸ்டர் இரண்டு தடவை என்னம்மா, என்னம்மா என்று கேட்டிருக்க வேண்டும், இரண்டு தடவை சொன்னாள். நான் ஹாலில் நின்று பாட்டை மறுபடி போட்டேன், சப்வூஃபரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர்களை மட்டும். பெரியம்மா, அம்மா, அடுத்தது யார் என்று கணக்குப் போட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காலை மோடாமேல் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். வலது கை, பிறகு இடது கை. தொம். இருக்கிறது. நிஜமாகக் கேட்கிறதா, இருக்கும் என்று தெரிந்ததால் கேட்கிறதா, யாராவது எனக்குப் பின்னால் உட்கார்ந்து காசு சுண்டினால் தேவலை. மறுபடி தொம். கையில் இருந்த நோட்டை மூடினேன். நாலு மணிக்குச் சரியாக வாசல் மணி அடித்தது. ஹபீப் வாசலில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார், இன்று என் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கவில்லை, “மேடம் என்ன முடிவு பண்ணாங்க? எதை எடுத்துக்கட்டும்?” என்றார். “ரெண்டையும்” என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. “ஏன் மேடம், அன்னைக்கு அவ்வளவு பேசினீங்க. பேஸ் இல்லையா, அந்த அடிச் சத்தம்?” உள்ளே அம்மா போனை வைத்துவிட்டு, திரைச்சீலை மடித்து வைத்த அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஹபீப் என் பதிலுக்குக் கொஞ்சம் பயந்துகொண்டே காத்திருந்தார். வாயைத் திறந்தால் நான் ஒரு மணி நேரம் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும்.

“இருக்கு” என்றேன்.